ராஜா வீட்டுப் பெரட்டு

படத்தில் இருந்த அந்தச் சின்னக் கதவு நேற்று வரை மூடித்தான் இருந்தது. இன்று ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

ஜீவராணி தூசித் துணியோடு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நாற்பத்தாறு வயசாகிறது, கண்ணாடி போடச் சொல்லி மகள் தனுஜா நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள், கண்தான் ஏதோ செய்கிறது. படத்தில் இருக்கிற கதவு எங்கேயாவது திறக்குமா? யாரிடமாவது சொன்னால் கிறுக்கு பிடித்துவிட்டது என்பார்கள். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சுவர்ப் பக்கம் மட்டும் அவள் துடைக்காமல் விட்டுவிட்டாள்.

பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பங்களா அது. கொழும்பு அம்மா ஒருத்தர் அதை வாங்கி ஹோட்டலாக்கினார். அந்த அம்மா ஒரு தடவை பிரான்சுக்குப் போய் அங்கே ஒரு பெரிய அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்தார், அன்றிலிருந்து பங்களாவுக்குப் பிடித்தது சனி. நடையெல்லாம் தங்க விளிம்பு வைத்த ஆளுயரக் கண்ணாடிகள். பழைய சாப்பாட்டு அறை, விருந்தாளிகள் படுக்கிற ராஜா ரூம் ஆனது. அதன் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, துணியில் அச்சடித்த ஒரே படம். அந்த அரண்மனையில் ராஜா தூங்குகிற அறை. சிவப்புத் திரை போட்ட கட்டில், அதற்கு முன்னால் தங்கக் கம்பித் தடுப்பு, மேலே இறக்கை முளைத்த கொழுகொழுப் பிள்ளைகள். கட்டில் ஓரத்தில் இரவு உடுப்போடு ராஜா உட்கார்ந்திருந்தார். எதிரே பொய்முடி வைத்த ஆண்கள் வரிசை. கட்டிலுக்கு இடது பக்கம், சுவர்த் துணியையே ஒட்டி மறைத்த அந்தச் சின்னக் கதவு.

வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் மெனேஜர் வினோஜன் படத்தைக் காட்டிக் கதை சொல்வான். கேட்டுக் கேட்டு அது ஜீவராணிக்கும் மனப்பாடம். அந்த ராஜா காலையில் கண் விழிப்பதே ஒரு திருவிழாவாம். பெரிய மனுசர்களெல்லாம் வெளியே காத்து நிற்பார்களாம். வாசலில் நிற்கிறவன் பேர் கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். சட்டை எடுத்துக் கொடுக்க ஒருத்தன், கைக்குத் தண்ணீர் ஊற்ற ஒருத்தன். ராஜா அறைக் கதவை யாரும் தட்டக்கூடாது, சுண்டுவிரல் நகத்தால் மெல்லச் சுரண்ட வேண்டும். வேலைக்காரர்கள் வருவதும் போவதும் தெரியாமல் இருக்கத்தான் அந்தச் சின்னக் கதவு.

முதல் தடவை கேட்டபோது தனுஜா சிரித்துவிட்டாள். "இது நம்ம பெரட்டேதாம்மா. தொரைக்குப் பதிலா ராசா, அவ்வளவுதான்."

ஜீவராணியும் சிரித்தாள். ஹோட்டலுக்கு வருவதற்கு முன்னால் இருபது வருசம் கொழுந்து பறித்தவள் அவள். விடிந்ததும் விடியாததுமாகப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார், குரல் கொடுத்தால்தான் அன்றைக்குப் பேர் விழும், கூலியும் உண்டு. யாராவது வந்து சேரத் தாமதமானால் பக்கத்தில் நிற்கிறவள் குரல் கொடுத்துவிடுவாள். அது எழுதாத சட்டம். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். ஒரு நாள் ஜீவராணி காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தபோது, பள்ளிக்கூடம் போகிற வழியில் சின்னப்பிள்ளை தனுஜா களத்துக்கு ஓடிப்போய், "அம்மா இருக்காங்கய்யா, வாறாங்க" என்று கத்தினாளாம். களமே சிரித்ததாம். கணக்கப்பிள்ளை முழு நாள் பேர் போட்டாராம். இன்றைக்கும் லயத்து வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தத் தனுஜாதான் வருகிற வாரம் கொழும்புக்கு நர்சிங் படிக்கப் போகிறாள். அப்பன் செத்த பிறகு வீட்டில் இருப்பது அவளும் அம்மாவும்தான். ஒரு வருசம் மட்டும் கண் முன்னால் இரு என்று கெஞ்சி, அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஜீவராணிதான் அவளை இந்த வேலைக்கு இழுத்து வந்தாள். ஜீவராணியோடு கொழுந்து பறித்து, இங்கேயும் கூட வேலை செய்த ராசம்மா சொல்லாமல் கொள்ளாமல் போனதில் காலியான இடம் அது. ராசம்மா யாரோடோ கொழும்புக்குப் போய்விட்டதாகப் பேச்சு. வருசம் முடிந்துவிட்டது. மகள் பெட்டி கட்டிவிட்டாள். போகாமல் இருந்துவிட மாட்டாளா என்று ஜீவராணி சாமி படத்துக்கு முன்னால் தினமும் வேண்டிக்கொண்டிருந்தாள். மகளிடம் மட்டும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மழை பிடித்தது. மறுநாள் விருந்தாளிகள் வருவதாக இருந்ததால் ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போன வினோஜன், பாதையில் மண் சரிந்துவிட்டது, நீங்கள் இரண்டு பேரும் பங்களாவிலேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று போன் பண்ணினான். பேசி முடிப்பதற்குள் கரண்ட் போனது. பனிமூட்டம் ஜன்னல் வரை வந்து நின்றது. ராஜா ரூம் கட்டிலுக்கு உறை மாற்றி வருவதாக டோர்ச்சை எடுத்துக்கொண்டு தனுஜா போனாள். ஜீவராணி குசினியில் விளக்கைக் கொளுத்திவிட்டு, தேத்தண்ணிக்காக ஈர விறகோடு மல்லுக்கட்டினாள்.

தகரத்தில் மழை கொட்டிய இரைச்சலுக்கு அடியில், குசினிக்கும் ராஜா ரூமுக்கும் நடுவிலிருந்த சுவருக்குள்ளே, எதுவோ மெல்லச் சுரண்டியது. எலி என்று நினைத்தாள். எலி விட்டு விட்டுச் சுரண்டாது, இவ்வளவு மரியாதையாகவும் சுரண்டாது என்று பிறகு தோன்றியது. உருகுகிற மெழுகின் வாசம் வந்தது. அவள் கொளுத்தியிருந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

அதற்குப் பிறகுதான் குரல் கேட்டது. தூரத்திலிருந்து, ராகம் போட்டு இழுத்து, பெரட்டில் கேட்பது போலவே ஒருவன் பேர் வாசித்தான். வாயில் நுழையாத பேர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் பதில் சொன்னது. தகரத்து மழை பெரட்டுக் களத்துக் கொட்டகையின் மழை போலவே இருந்தது, அடுப்புப் புகையில் அவளுக்குக் கண் எரிந்தது, உடம்பு முழுக்கப் பழைய காலைக் குளிர் ஏறியது. தான் எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு நிமிசம் அவளுக்கு விட்டுப்போனது.

"ராசம்மா" என்றது குரல். களைத்துப்போன ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"தனுஜா."

பதில் இல்லை.

"தனுஜா."

பதில் இல்லை. பிள்ளைக்குப் பேர் விழாமல் போய்விடுமே என்ற பதற்றம்தான் முதலில் வந்தது. இருபது வருசம் பழகிய வாய்.

"இருக்காய்யா, வாறா" என்றாள் ஜீவராணி.

குரல் நின்றது. சுரண்டல் நின்றது. மழை மட்டும் கொட்டியது.

கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. ஏது பெரட்டு? இந்த நேரத்தில் ஏது பெரட்டு? யாருக்குப் பதில் சொன்னேன்?

விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நடைக் கண்ணாடிகளில் எல்லாம் ஒரு விளக்கும் ஒரு பேயறைந்த முகமும் கூடவே ஓடிவந்தன. மகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ராஜா ரூம் வாசலில் தனுஜாவின் ரப்பர் செருப்பு, அறுந்த வாருக்குக் குத்திய ஊசியோடு, ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. உள்ளே டோர்ச் எரிந்தபடி கட்டிலில் கிடந்தது. ஒரு தலையணைக்கு உறை போட்டிருந்தது. இன்னொன்றுக்கு இல்லை.

விளக்கை உயர்த்தினாள்.

சின்னக் கதவு அகலத் திறந்திருந்தது.

மடியில் இருந்த ராஜாவின் கை இப்போது நீண்டிருந்தது. வரிசையின் கடைசியில், இத்தனை நாளும் கண்ணில் படாத, கூஜா பிடித்த ஒருத்தி. அவள் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து வெடித்திருந்தன. கொழுந்துக் கறை. ராசம்மாவின் கை. அவளுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஒரு பிள்ளை. ஒற்றைப் பின்னல். நுனியில் மஞ்சள் ரப்பர். இரண்டு கையிலும் ஏந்தியிருந்தது சட்டை இல்லை.

தலையணை உறை.

ஜீவராணி படத்தின் மேல் விழுந்தாள். துணி. குளிர்ந்த, வெறும் துணி. அறைந்தாள். சுவர்தான் அதிர்ந்தது. தட்டக்கூடாது என்று வினோஜன் சொன்னது ஞாபகம் வந்தது. மண்டியிட்டு, சுண்டுவிரல் நகத்தால் அந்தச் சின்னக் கதவைச் சுரண்டினாள்.

"ஐயா, புள்ளய விட்டுருங்க. அவ கொழும்புக்குப் போகட்டும். நா மறிக்க மாட்டேன், விட்டுருங்க."

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஜீவராணி."

மகள் இருக்கிற இடத்துக்குத்தான் கூப்பிடுகிறான். போக வேண்டும். வாயைத் திறக்க வேண்டும். ஆனால் அவள் கை தானாக எழும்பி அவள் வாயை இறுக்கிப் பொத்தியது. பயம். அவ்வளவுதான், பயம். குரல் கொடுக்காவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் வெளியே ஓடலாம். லயத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வரலாம்.

"ஜீவராணி."

பல்லைக் கடித்தாள். மூச்சுக்கூட விடவில்லை.

வரிசையின் கடைசியில் மஞ்சள் ரப்பர் மெல்ல அசைந்தது. திரும்பிப் பார்க்காமலே, அம்மாவுக்குப் பேர் விழாமல் போய்விடக் கூடாதே என்ற அதே பழைய அவசரத்தோடு, பள்ளிக்கூடம் போகிற சின்னப்பிள்ளையின் குரல் சொன்னது:

"அம்மா இருக்காங்கய்யா. வாறாங்க."

சொல்லிவிட்டு, வெறுங்காலை ஓரடி நகர்த்தி, தன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.