ஓபுலேசுவின் தலைப்பாகை

உலகத்தார் அனைவரும் கைவேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்கவேண்டிய சேதி இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருடம், பங்குனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் கேட்டில் மரப்பலகை ஒன்று மாட்டப்பட்டது. மாட்டியவர் கேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தங்கவேலு. ஆணி அடிப்பதற்காகவே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சுரங்கத்தை விட்டு வெளியே வருகிறவர்களைச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். யாராவது தங்கத்தை ஒளித்து எடுத்துப் போய்விட்டால்? ஆனால் ஒரு ஷிப்டு முடிந்தால் நூற்றுக்கணக்கான ஆட்கள். எல்லாரையும் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தால் ரைட்டரின் காபி ஆறிப்போகிறது. எனவே அவர் மூன்று நாள் யோசித்தார். எந்த ஜனம் எந்த இடத்தில் திருட்டுப் பொருளை ஒளிக்கும் என்பது தமக்குத் தெரியும் என்று சொல்லி, அதை எழுதி மாட்டிவிட்டார்.

தெலுங்கர்: தலைப்பாகையை அவிழ்க்கவும்.
கன்னடத்தார்: கம்பளியை உதறவும்.
மலையாளத்தார்: இடுப்பு மடிப்பைப் பார்க்கவும்.
கிறிஸ்தவர்: பாட்டுப் புத்தகத்தைப் புரட்டவும்.
வடாற்காட்டார்: யோக்கியர்கள். சோதனை வேண்டாம்.

ரைட்டரின் சொந்த ஊர் வடாற்காடு ஜில்லா, குடியாத்தம். அது தற்செயல் என்று நாமும் நம்புவோம்.

கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் பஞ்சாப் காவலர் கிஷன் சிங்குக்குப் பலகையில் இடம் கிடைக்கவில்லை. அவருக்கு மூளை கிடையாது, ஆகவே திருடவும் தெரியாது என்பது ரைட்டரின் கணிப்பு.

அன்று மத்தியானம் குணசுந்தரி அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்குப் பத்து வயது. ஷாப்டில், அதாவது சுரங்கக் குழியில், வேலை செய்யும் அப்பா முனிரத்தினத்துக்குத் தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவருவாள். அவர்களும் வடாற்காட்டார்தான். யோக்கியர் என்று பலகையிலேயே போட்டுவிட்டார்கள் என்றால் சும்மாவா? சோறு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது குணசுந்தரி தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்தாள்.

காலித் தூக்குக்குள் ஐந்து மஞ்சள் கற்கள் இருந்தன.

சுரங்கத்துக்குள்ளிருந்து வேண்டாத பாறையை வெட்டி வெளியே குவிப்பார்களே, அந்தக் குவியலில் பொறுக்கியவை. வெயிலில் பளபளவென்று மின்னும். பக்கத்து வீட்டு யல்லம்மாவும் அவளும் ஐந்தாங்கல் ஆட அவைதான் தோது. செவ்வாய்க்கிழமை தம்பி பாபு அதில் ஒன்றை அம்மிக் குழவியால் ஓங்கி அடித்தான். கல் தூளாகிவிட்டது. பாபுவுக்குப் பெரிய சந்தோஷம். நான்கு கல்லை வைத்துக்கொண்டு யாரால் ஐந்தாங்கல் ஆட முடியும்? யல்லம்மாவின் அப்பா ஓபுலேசு, தான் ஒரு கல் கொண்டுவருவதாகச் சொன்னார்.

கொண்டுவந்தார். வியாழக்கிழமை, தலைப்பாகை நுனியில் முடிந்து. ஓபுலேசு தெலுங்கர்.

ரைட்டர் தலைப்பாகையை அவிழ்த்தார், கல்லைக் கண்டார், கடித்துப் பார்த்தார். பிறகு தம் நோட்டில் இப்படி எழுதினார்: "கடித்தேன். பல் வலித்தது. ஆகவே தங்கம்." சுரங்கத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை பெங்களூர் போயிருந்தார். அவர் வருவதற்குள் திருடனைப் போலீஸுக்கு அனுப்பிவிட்டால் நல்ல பெயர் கிடைக்கும் என்று, ரைட்டர் மாட்டு வண்டி பூட்டச் சொன்னார்.

சேதி லைன் வீடுகளுக்கு வந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகள் அவை. ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டில் கேட்கும். "தெலுங்கங்கன்னா அப்படித்தான், எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் சொன்னார். போன வாரம் உகாதிக்கு ஓபுலேசு வீட்டுப் போளியை நக்கி நக்கித் தின்ற அதே வாய்கள்.

யல்லம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று குணசுந்தரிக்குப் பட்டது.

அவள் உள்ளே போய் நான்கு கற்களையும் எடுத்தாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"நமக்கு இன்னாத்துக்கு வம்பு? பலகையில நம்மள யோக்கியர்னு எழுதியிருக்காங்க. அதக் கெடுத்துக்காத."

"நான்தாம்பா மொதல்ல கல்லு எடுத்தாந்தேன். என்னை யாரும் கேக்கல. அவரை மட்டும் ஏன் கேக்கறாங்க?"

"உன் பேரு வந்தா என் வேலை போயிடும், தெரியுமா?"

"அவருக்கு ஜெயிலேப்பா."

முனிரத்தினம் அவள் கையை விட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

கேட்டில் வண்டி தயாராக நின்றது. ஓபுலேசு வெறுந்தலையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். ரைட்டரின் மேசைமேல் அந்தக் கல், பட்டுத்துணிமீது, சாமி மாதிரி வீற்றிருந்தது. அதன் பக்கத்தில் குணசுந்தரி தன் நான்கு கற்களையும் வைத்தாள்.

"இதுங்களும் தங்கமா, ரைட்டரய்யா?"

இவை எங்கிருந்து வந்தன என்று ரைட்டர் அதட்டினார்.

"இந்தக் கேட்டு வழியாத்தான். திங்கக்கெழம தூக்குல போட்டு எடுத்துனு போனேன். நீங்கதான் 'போம்மா, போம்மா'ன்னு வழி விட்டீங்க."

சோதனை வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரைட்டரின் முகம் சிவந்தது. ஆனால் அவர் சாமானியரா? உடனே கூட்டத்தைப் பார்த்து விளக்கம் சொன்னார். நம்ம பெண் நல்ல பெண்ணாம். இந்தத் தெலுங்கன்தான் அதற்குத் திருடக் கற்றுக்கொடுத்துக் கெடுத்துவிட்டானாம்.

 திருடி என்று திட்டியிருந்தால்கூடக் குணசுந்தரிக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"யாரும் கத்துத்தரல. இது தங்கமே இல்ல. எங்கம்மா கம்மல் மேல அம்மிக் கொழவி விழுந்துது. தட்டையாப் போச்சு, ஆனா ஒடையல. இந்தக் கல்லு மேல அதே கொழவிய பாபு போட்டான். தூளாப் போச்சு. வேணும்னா அடிச்சுப் பாருங்க."

சாட்சிப் பொருளைச் சேதப்படுத்தத் துரைக்கு மட்டுமே அதிகாரம் உண்டு என்றார் ரைட்டர்.

குணசுந்தரி சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கிஷன் சிங் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகளைச் சாக்கில் கட்டித் தூக்கிப்போவார் என்று லைனில் எல்லாரும் சொல்வார்கள். இவ்வளவு நாளும் அவள் அவரைக் கண்டால் எதிர்ச்சுவரை ஒட்டி ஓடியிருக்கிறாள். இன்று நேராக அவரிடம் போனாள்.

"நீங்களாவது அடிச்சுக் காட்டுங்க, மாமா."

கிஷன் சிங் மேசையிலிருந்து ரைட்டரின் கல்லை எடுத்தார். படிக்கட்டில் வைத்தார். துப்பாக்கிக் கட்டையால் ஒரே ஒரு இடி. தீக்குச்சி கிழித்த மாதிரி வாசனை வந்தது. கல் இருந்த இடத்தில் கறுப்புத் தூள் கிடந்தது.

"தங்கம் இல்ல" என்றார் அவர், சுத்தமான ஊரிகத்துத் தமிழில். "புடிச்ச ஒடனே சொன்னேன். மூளை இல்லாதவன் பேசக் கூடாதுன்னு சொன்னீங்க."

ரைட்டர் வண்டிக்காரனைப் போகச் சொன்னார். ஓபுலேசுவையும் போகலாம் என்றார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய கோட்டுப் பையில் இல்லை.

ஓபுலேசு எழுந்தார். ஆனால் போகவில்லை. மண்ணில் கிடந்த தலைப்பாகைத் துணியை எடுத்து நீட்டினார்.

"அவுத்தது நீங்க. கட்டி உடுங்க."

ரைட்டர் கிஷன் சிங்கைப் பார்த்தார். கிஷன் சிங் கேட்டை மூடிவிட்டு, அதற்கு முன்னால் நின்றுகொண்டார்.

பத்து முழத் துணி. ரைட்டருக்குக் கட்டத் தெரியவில்லை. முதல் தடவை ஓபுலேசுவின் கண்ணை மூடிவிட்டது. இரண்டாம் தடவை ரைட்டரின் கையே உள்ளே மாட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை கோட்டைக் கழற்றிவிட்டுக் கட்டினார். ஷிப்டு முழுவதும் நின்று பார்த்தது. ஓபுலேசு சிரிக்கவே இல்லை. நான்காம் தடவை தலையைத் தொட்டுப் பார்த்து, "பரவால்ல" என்றார்.

மறுநாள் பலகையைக் காணோம். ரைட்டர் விசாரிக்கவில்லை. முனிரத்தினத்தின் வேலையைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் தலைப்பாகைக் கதையைத் துரைக்குச் சொல்ல ஒரு ஷிப்டே காத்திருந்தது.

சனிக்கிழமை, ஓபுலேசு கொண்டுவந்த இன்னொரு கல்லையும் சேர்த்து ஐந்தாங்கல் ஆடும்போது யல்லம்மா கேட்டாள்: "எல்லாரையும் சோதிக்கறாங்களே, அப்ப நெஜத் தங்கத்த யாருதான் எடுத்துனு போறாங்க?"

அதே நேரத்தில் ஊரிகம் ஸ்டேஷனில் இரும்புப் பெட்டிகளை ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் எடுத்த தங்கம் முழுவதும் அவற்றில் இருந்தது. அது கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. அந்தப் பெட்டிகளை யாரும் திறந்து பார்க்கவில்லை.