இடப்பக்கப் பின்னிருக்கை

மூன்று மாதங்களாக யாரும் கதவைத் திறக்காத வண்டி என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் இடப்பக்கப் பின்கதவின் கண்ணாடியில், கீழ்விளிம்பை ஒட்டி, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நீராவி படிந்திருந்தது. மீட்டர் அக்கா விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரல் ஈரமாகவில்லை, படலமும் கலையவில்லை. அது உட்புறத்தில் படிந்திருந்தது.

பழைய மின்வாகனங்களை வாங்குவோருக்காகச் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. வாய்ச்சொல்லை நம்பாமல் மீட்டரை மட்டுமே நம்புகிறவள் என்பதால், தொழிலில் அந்தப் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று வாங்கப்போகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. தன் ஐந்து வயது மகளைத் தினமும் பள்ளிக்கு இதில்தான் அழைத்துச் செல்லப்போகிறான்.

"நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடறேன்" என்று காலையில் தொலைபேசியில் சொன்னான்.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கறதுன்னா நான் எதுக்குடா?" என்று அவள் கேட்டிருந்தாள்.

பிற்பகல் மூன்றரை மணி. எனினும் அந்த அடுக்ககத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் பொழுது என்று ஒன்று இல்லை. ஈரச் சிமெண்டும் ரப்பரும் கலந்த வாசனை தேங்கியிருந்தது. எங்கோ ஒரு குழாய் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் உரிமையாளர், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டு தூண்கள் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"கிட்ட வாங்க சார். வண்டி கடிக்காது."

"பரவாயில்லை மேடம். இங்கேயிருந்தே நல்லாத் தெரியுது."

அவள் கருவியை இணைத்துப் படித்தாள். பேட்டரியின் ஆரோக்கியம் தொண்ணூற்று நான்கு விழுக்காடு. செல்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். அடித்தட்டில் கீறலோ துருவோ கிடையாது. டயர்கள் நான்கும் சீராகத் தேய்ந்திருந்தன. இப்படிப்பட்ட வண்டியை யாரும் எளிதில் கைவிடமாட்டார்கள். ஒன்றுதான் உறுத்தியது. நின்றுகொண்டிருந்த வண்டி நாள்தோறும் சிறிது மின்சாரம் குடித்திருந்தது. பதிவைப் புரட்டினாள். பின்னிருக்கைப் பகுதியின் ஏசி, வேலை நாள்களில் மட்டும், பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஓடத் தொடங்கி, இருபது நிமிடங்களில் நின்றிருந்தது.

"இதை யார் சார் போடறது?"

"அதுவாப் போட்டுக்கும்."

"அதுவான்னா?"

அவர் சுவரைப் பார்த்தார். "ஓட்டிப் பாருங்க மேடம். ஒண்ணே ஒண்ணு. பின்னாடி பெல்ட் போடலைன்னு மணி அடிக்கும். அடிச்சா அடிக்கட்டும். நீங்க எதையும் பண்ணிடாதீங்க."

"அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேவா ரெண்டு வருஷம் ஓட்டினீங்க?"

"பழகிடுச்சு."

'இருக்கை உணரியில் பழுது' என்று அறிக்கையில் குறித்துக்கொண்டு அவள் புறப்பட்டாள். மின்வாகனத்தைக் காதால் சோதிப்பது அவள் முறை. எஞ்சின் இருக்கும் வண்டியில் ஆயிரம் குறைகளை அதன் இரைச்சல் மூடிவிடும். இங்கே மூடுவதற்கு எதுவும் இல்லை. ஆகவே விசிறி, வானொலி எல்லாவற்றையும் அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, தூண்களைச் சுற்றி நடை வேகத்தில் ஓட்டினாள். பற்சக்கரத்தின் மெல்லிய முனகலும், வண்ணம் பூசிய தரையில் டயர் எழுப்பிய கிறீச்சும், இருக்கைத் தோல் இறுகித் தளரும் ஓசையும், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கழுவி வைத்த பாத்திரங்களைப் போலத் துல்லியமாகக் கேட்டன. பிறகு மணி அடித்தது. ஒரே சீராக, விடாமல் அடித்தது. அந்த மணியின் இடைவெளிகளில், அவளுக்குப் பின்னால், நெடுநேரம் அழுது ஓய்ந்தபின் மூக்கடைத்துப்போய் வாயால் இழுத்து விடும் ஒரு மூச்சு கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னிருக்கையில் யாரும் இல்லை. ஆனால் இடப்பக்க மெத்தை இரண்டு விரல் ஆழத்துக்கு அமுங்கியிருந்தது.

வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள். பின்கதவைத் திறந்தாள்.

ஆளில்லாத இருக்கையின் மணியை அடக்க, அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். வெற்றிருக்கையின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவார்கள். அவளும் நூற்றுக்கணக்கான வண்டிகளில் செய்திருக்கிறாள். மனம் வேண்டாமென்று சொல்லுமுன் கை பழகிய வேலையைச் செய்து முடித்தது. கொக்கி விழுந்தது.

மணி நின்றது. மூச்சும் நின்றது.

வெற்றிருக்கையில் பெல்ட் முதுகுச்சாய்வில் ஒட்டிப் படியவேண்டும். அது படியவில்லை. ஒரு சாண் முன்னால், காற்றின் மேல், வளைந்து நின்றது. வளைவு சற்றே உயர்ந்தது. தாழ்ந்தது.

"மேடம்?" தூண்களுக்கு அப்பாலிருந்து உரிமையாளரின் குரல். "மணி நின்னுடுச்சே. மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்."

செருப்புகள் படிகளில் ஓடும் சத்தம் வந்தது. மேலே ஒரு கதவு அறைந்து மூடியது.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி.

"அக்கா, மேல கேட்ல நிக்கறேன். பள்ளிக்கூடம் விட்டுது, பாப்பாவையும் கூட்டிட்டு வந்துட்டேன். வண்டி எப்படி?"

"வேண்டாம்டா."

"ஏன்? படத்துல புதுசு மாதிரி இருந்துச்சே!"

"பேட்டரி போச்சு." இத்தனை ஆண்டுத் தொழிலில் அவள் சொன்ன முதல் பொய்யான முடிவு அது. "கீழே வராதீங்க. நானே வர்றேன்."

அப்போதே அவள் போயிருக்கலாம். ஆனால் தான் மாட்டியதைத் தானே கழற்றாமல் எந்த வண்டியையும் அவள் விட்டு வந்ததில்லை. மேலும், கட்டிப்போட்ட நிலையில் விட்டுப் போக, எதை என்று தெரியாவிட்டாலும், அவளால் முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே குனிந்தாள். சிவப்புப் பொத்தானைத் தேடினாள். அழுத்தினாள்.

பெல்ட் பின்னோக்கிப் போகவில்லை. எதையோ சுற்றிக்கொண்டு, மெதுவாக, வழுக்கியது.

இரண்டு சிறு கைகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டன.

குளிர்ந்த கைகள் அல்ல. தூக்கத்தில் வியர்த்த கைகள். அவள் நிமிர்ந்தாள். கூடவே ஒரு பாரமும் எழுந்து இடது இடுப்பில் அமர்ந்தது. கழுத்தைத் தடவினாள். பிடித்து விலக்க அங்கே எதுவும் இல்லை. பாரம் மட்டும் இருந்தது. நடந்தாள். சரிவுப்பாதையில் ஏறினாள். வெளிச்சத்துக்குப் போனால் இறங்கிவிடும். போனால் போதும்.

வெளிச்சம் வந்தது. பாரம் இறங்கவில்லை.

சரிவின் உச்சியில் தம்பி நின்றிருந்தான். "என்னக்கா, ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கறே? இடுப்பு புடிச்சுக்கிச்சா? ஒரு வண்டியைப் பார்த்ததுக்கே இப்படின்னா..."

"அத்தை! தூக்கு!" அவன் கையை உதறிவிட்டு மகள் ஓடி வந்தாள். எதிரே நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"வேண்டாம் கண்ணு. கிட்ட வராதே."

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். குழந்தை ஓர் அடி முன்வந்தாள். கழுத்தில் கோத்திருந்த பிடியில் ஒரு கை மட்டும் விடுபட்டது. இடுப்பிலிருந்த பாரம் முன்னோக்கிச் சாய்ந்தது.

காற்றே இல்லாத அந்தச் சரிவில், குழந்தையின் நெற்றியில் விழுந்திருந்த முடிக்கற்றை தானாக எழுந்து, மிக மெதுவாக, காதுக்குப் பின்னால் ஒதுங்கியது.