பச்சைத் தொப்பி போட்ட தட்டு

“உன் தலையில ஒரு முந்திரிப் பருப்பு விழுந்தா நீ செத்துடுவியா?”

ரெஜி இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பச்சைத் தொப்பிக் குழுப் பிள்ளைகள் கடலில் இறங்குவதற்காக மணலில் வரிசையாக நின்றிருந்தார்கள். டெல்லா அவனுக்கு முன்னால் நின்றாள்.

கேள்வியில் கேலி இல்லை. ரெஜி அப்படித்தான். கரையில் ஒதுங்கிய ஜெல்லி மீனைப் பார்த்தால், “இதுக்கு வயிறு எங்க இருக்கு?” என்பான். பயிற்சியாளர் டேரலின் மொட்டைத் தலையைப் பார்த்து, “நீங்க குளிக்கறப்ப மூஞ்சி எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டவனும் அவன்தான்.

ஆனாலும் டெல்லாவுக்குக் காது சூடானது. அவளுக்குப் பதில் தெரியும். எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது அந்தப் பதில் தொண்டையை விட்டு வெளியே வராது. தோளைக் குலுக்கிவிட்டு, தொப்பியின் நாடாவை மோவாய்க்குக் கீழே இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ரெஜி கேட்டதற்குக் காரணம் இருந்தது.

அந்தக் கடற்கரை கிளப்பில், கோடை முழுக்க ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு அலையில் நீந்தச் சொல்லித் தருவார்கள். கோடையின் கடைசி ஞாயிறன்று மெடல் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு விருந்து. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தட்டுப் பலகாரம் வரும். எல்லாத் தட்டும் ஒரே நீள மேசையில் உட்காரும். யாருடையது எது என்று தெரிய, தட்டின் அடியில் பெயர் ஒட்டியிருக்கும்.

விருந்து பாதி ஆனதும் பெவ் வேலையில் இறங்கிவிடுவார். கிளப்பின் சமையலறை அவருடைய ராஜ்ஜியம். அவர் உள்ளே பேசினால் கடலுக்குள் நிற்பவர்களுக்குக் கேட்கும். பாதி காலியான தட்டைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. இதில் இருப்பதை அதில் அடுக்குவார், அதில் இருப்பதை இன்னொன்றில் அடுக்குவார். காலியான தட்டுகளைக் கழுவித் துடைத்து, அடியில் பெயர் பார்த்து, அவரவர் கையில் கொடுத்துவிடுவார்.

“விருந்துக்கு வந்துட்டு வீட்டுல போய் யாரும் தட்டு கழுவக் கூடாது” என்பார்.

போன வருடமும் அப்படித்தான் செய்தார். டெல்லாவின் அம்மா கொண்டுவந்த எலுமிச்சைத் துண்டுகள் தட்டில் கொஞ்சம் மீந்திருந்தன. பெவ் தன் கையால் செய்த முந்திரித் துண்டுகளை அதன் ஓரத்தில் அடுக்கினார். பிறகு யாரோ அந்த முந்திரித் துண்டுகளை எடுத்துத் தின்றுவிட்டார்கள். தூள் மட்டும் தட்டில் தங்கிவிட்டது.

டெல்லா தன் அம்மாவின் தட்டிலிருந்து, தன் அம்மா செய்த எலுமிச்சைத் துண்டைத்தான் எடுத்துத் தின்றாள்.

முதலில் உதடு அரித்தது. பிறகு தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடிப்பது போல் இருந்தது. அம்மா அவளை மணலில் படுக்க வைத்து, பையிலிருந்த ஒவ்வாமை மருந்து ஊசிப் பேனாவைத் தொடையில் அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் டெல்லா நன்றாகிவிட்டாள்.

நன்றாகாமல் போனவை வேறு. அதன் பிறகு அம்மா எந்த விருந்துக்கும் அவளை விடவில்லை. பெவ்வோ மேசைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

ரெஜி அப்படிக் கேட்ட ஞாயிறன்று, வீட்டுக்குப் போகும் வழியில், காரை ஓட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: “அடுத்த வாரம் மெடல் வாங்கினதும் கிளம்பிடலாம், சரியா? வழியில உனக்குப் பிடிச்ச சிப்ஸ் வாங்கித் தரேன்.”

“விருந்துக்கு அப்புறம் மணல்ல கிரிக்கெட் இருக்கும்மா.”

“தெரியும்.”

“எல்லாரும் இருப்பாங்க.”

“எல்லாருக்கும் தொண்டை வீங்காது டெல்லா.”

அம்மாவின் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. கோபமாக இருந்தால் டெல்லா எதிர்த்துப் பேசியிருப்பாள். பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை கூடுதல் பயிற்சி நடந்தது. அலை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. பச்சைத் தொப்பிக் குழு ஒரு பக்கமும், பெரிய பிள்ளைகளின் ஊதாத் தொப்பிக் குழு இன்னொரு பக்கமும் தண்ணீரில் இருந்தார்கள்.

திடீரென டேரல் ஊதலை ஊதினார்.

“ஊதாவுக்கு நடுவுல ஒரு பச்சை மிதக்குது. யாருப்பா அது?”

ரெஜிதான். அலை அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய பிள்ளைகள் நடுவில் விட்டிருந்தது. அவனோ அது தெரியாமல், பக்கத்தில் இருந்த பெரிய பையனிடம், “நீ எப்பலேர்ந்து இவ்வளவு உயரம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். டெல்லா சிரிக்கவில்லை. ஊதா நிறத்துக்கு நடுவே தெரிந்த அந்த ஒற்றைப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் எவ்வளவு பெரியது! அதில் ஒரு தலை இடம் மாறினால்கூட டேரலுக்கு உடனே தெரிகிறது. மேசை எவ்வளவு சின்னது! அதில் ஒரு துண்டு இடம் மாறினால் யாருக்கும் தெரியவில்லை.

பயிற்சி முடிந்ததும், தலை துவட்டாமலே கிளப்பின் சமையலறைக்குப் போனாள்.

பெவ் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். டெல்லாவைப் பார்த்ததும் குழாயை இன்னும் அதிகமாகத் திறந்தார்.

“துண்டு வேணும்னா அந்தக் கொக்கியில இருக்கு, கண்ணு.”

“துண்டு வேணாம் பெவ். பழைய தொப்பி இருக்கா? கிழிஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல. பச்சையும் ஊதாவும்.”

“எதுக்கு?”

டெல்லாவுக்கு மறுபடியும் காது சூடானது. ஆனால் இங்கே திரும்பிப் பார்க்க வேறு யாரும் இல்லை. அதனால் வார்த்தை வந்துவிட்டது.

“தட்டுக்குப் போட. முந்திரி மாதிரி பருப்பே இல்லாத தட்டுக்கெல்லாம் பச்சை. அதுங்க மேசையோட இந்தக் கோடியில. பருப்பு இருக்கிற தட்டுக்கு ஊதா, அந்தக் கோடியில. எடுக்கிற இடுக்கியிலயும் அதே கலர்ல ஒரு நாடா. பச்சை இடுக்கி ஊதாப் பக்கம் போனா, கடல்ல ரெஜி மாதிரி உடனே தெரிஞ்சிடும்.”

பெவ் குழாயை மூடினார்.

“நல்லாத்தான் இருக்கு. டேரல்கிட்ட சொல்லு, பார்த்துக்குவாரு.”

“டேரல் கடல் பக்கம் பார்த்துட்டு இருப்பாரு. மேசையை நீங்க பார்த்துக்கணும்.”

“நானா?” பெவ் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். “வேணாம் கண்ணு. நான் தொட்டது போதும். உன்னை அந்த வண்டியில ஏத்தினப்ப நான் இந்த வாசல்லதான் நின்னேன். அன்னிக்கு ஒரு கை சும்மா இருந்திருக்கலாம். என் கைதான்.”

பரவாயில்லை என்று டெல்லாவால் சொல்ல முடியாது. அது அப்படி விட்டுவிடக் கூடிய விஷயம் அல்ல.

“உங்களுக்குத் தெரியாது. அதான் நடந்தது” என்றாள். “இப்பத் தெரியும்ல? அந்த மேசையில யாராவது ஒரு கரண்டிய நகர்த்தினா, உங்களைத் தவிர யார் கண்ணுலயும் படாது. தெரியாத ஒருத்தர் நிக்கறதை விட, தெரிஞ்ச நீங்க நிக்கறதுதான் எனக்கு நல்லது.”

பெவ் ஸ்டோர் ரூமுக்குள் போனார். உள்ளே எதையோ இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. ஒரு பெட்டி நிறையப் பழைய தொப்பிகளோடு வந்தார்.

“இதுல பாதி தோய்க்கணும். போன வருஷத்து மணல் இன்னும் இருக்கு. என்ன பிள்ளைங்களோ” என்று புலம்பத் தொடங்கினார். அந்தப் புலம்பலை டெல்லா கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அவள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டாள்.

“கடையில வாங்கிட்டு வர்றாங்க, உள்ள என்ன இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. அது?”

“தெரியலைன்னா ஊதா.”

“முந்திரி தின்ன கையால பச்சைத் தட்டைத் தொட்டா?”

“கையால யாரும் எடுக்கக் கூடாது. இடுக்கிதான். பெவ் பார்த்துக்குவாங்க.”

பெவ் பெயரைக் கேட்டதும் அம்மா பையைத் திறந்து ஊசிப் பேனா இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, “எனக்கும் ஒண்ணு வேணும்” என்றாள். “சாப்பாட்டுக்கு முன்னாடி, எல்லாருக்கும் ஊசிப் பேனாவைக் காட்டணும். நான் பக்கத்துல இல்லைன்னாலும் யாராவது போடத் தெரிஞ்சிருக்கணும். உனக்குக் கூச்சமா இருக்கும்.”

இருக்கும் என்று டெல்லாவுக்கும் தெரியும். அவள் மணல் கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டாள். “சரிம்மா” என்றாள்.

ஞாயிறன்று மெடல்கள் கொடுத்து முடிந்ததும் அம்மா முன்னால் வந்தாள். கையில் பயிற்சிப் பேனா இருந்தது. அதில் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

“நோயாளியா நடிக்க ஒருத்தர் வேணும்” என்றாள்.

ரெஜி அதற்குள் மணலில் விழுந்து, நாக்கைத் தொங்கப் போட்டுவிட்டான்.

“நீ மாடு மாதிரி கிடக்கிற” என்றான் யாரோ ஒரு பையன்.

“எனக்கு முந்திரி ஆகாது. பேச முடியல” என்று ரெஜி பேசினான்.

எல்லோரும் சிரித்ததில் டெல்லாவுக்கும் கூச்சம் பாதி போய்விட்டது. அவள் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் குரல் முதலில் சின்னதாக வந்தது. பிறகு பெரிதானது.

“எழுந்து நடக்க விடக் கூடாது. படுக்க வைக்கணும். மூச்சு ரொம்பத் திணறினா உட்கார வைக்கலாம். பேனாவோட நீல முனை வானத்தைப் பார்க்கணும், ஆரஞ்சு முனை தொடையைப் பார்க்கணும். நீல மூடியை எடுத்துட்டு, தொடையோட வெளிப்பக்கம் ‘க்ளிக்’னு கேக்கற வரைக்கும் அழுத்தி, மூணு செகண்ட் அப்படியே பிடிக்கணும். டவுசர் மேலயே போடலாம். போட்டதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். அது வர்றதுக்குள்ள நான் நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் கூப்பிடணும்.”

பேனா ரெஜியின் தொடையில் ‘க்ளிக்’ என்றது. ரெஜி ஒரு கண்ணைத் திறந்தான்.

“அப்ப தலையில முந்திரி விழுந்தா?”

இந்த முறை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை பதில் வெளியே வந்தது.

“தலையில விழுந்தா தட்டி விட்டுட்டு, நல்லாக் கழுவிடுவேன். வாய்க்குள்ள போனாத்தான் பெரிய ஆபத்து. போட்டவன் நீயா இருந்தா, ஆபத்து உனக்கும்தான்.”

பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு முறை ரெஜியின் தொடையில் பயிற்சிப் பேனாவை அழுத்தினார்கள். டேரலும் அழுத்தினார். அவர் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக அழுத்தினார் என்று ரெஜி பிறகு எல்லோரிடமும் சொன்னான்.

மேசை தயாராக இருந்தது. ஒரு கோடியில் பச்சைத் தொப்பிகள், மறு கோடியில் ஊதாத் தொப்பிகள். நடுவில், கையில் கரண்டியோடு பெவ் நின்றார். அவர் முந்திரித் துண்டுகள் செய்யவில்லை. வெறும் வெள்ளரிக்காய் சாண்ட்விச் கொண்டுவந்திருந்தார். அதற்கும் பச்சைத் தொப்பியை முதல் ஆளாகக் கட்டினார்.

ரெஜியின் அப்பா கடையில் வாங்கிய கேக்கைப் பச்சைப் பக்கம் வைக்கப் போனார்.

“அதுல என்ன இருக்கு?” என்றார் பெவ்.

“கேக் இருக்கு.”

“கேக்குல என்ன இருக்கு?”

“அது கேக்குக்குத்தான் தெரியும்.”

“அப்ப அது ஊதா. நகருங்க.”

அவர் நகர்ந்தார். சற்று நேரத்தில் ஓர் ஊதா நாடா கட்டிய இடுக்கி பச்சைப் பக்கம் மெல்ல நீண்டது.

“ஊதா எல்லை தாண்டுது” என்று பெவ் போட்ட சத்தத்தில், கடலில் நின்றிருந்த ஒருவர் நிஜமாகவே கரைக்கு வந்துவிட்டார்.

விருந்து பாதி ஆனது. தட்டுகள் பாதி காலியாயின. அம்மாவின் தட்டில் இரண்டே இரண்டு எலுமிச்சைத் துண்டுகள் மீந்திருந்தன. பக்கத்துத் தட்டில் ஒரே ஒரு சாண்ட்விச்.

டெல்லா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெவ்வின் கை பழக்கத்தில் தானாக நீண்டு, அந்தச் சாண்ட்விச் தட்டின் விளிம்பைத் தூக்கியது.

கை அப்படியே நின்றது.

பெவ் தட்டைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் ஏப்ரனின் பைக்குள் திணித்துக்கொண்டு, பாதி காலியான அத்தனை தட்டுகளையும் பார்த்தபடி நின்றார். பல் வலிக்காரர் போல அவர் முகம் இருந்தது. ஆனால் அதன் பிறகு அவர் எதையும் தொடவில்லை.

அம்மா பச்சை இடுக்கியை டெல்லாவின் கையில் கொடுத்தாள்.

“போ, எடுத்துக்கோ” என்றாள்.

டெல்லா பச்சை இடுக்கியால் ஒரு எலுமிச்சைத் துண்டை எடுத்தாள். புளிப்பும் இனிப்புமாக, மேலே தேங்காய்த் துருவலோடு, அது எலுமிச்சைத் துண்டு மாதிரியே இருந்தது. உதடு அரிக்கவில்லை. இன்னொன்றையும் தின்றாள். அம்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். விருந்து தொடங்கியதிலிருந்து அவள் உட்கார்வது அதுதான் முதல் முறை.

“டெல்லா, பந்து போட வா” என்று ரெஜி மணலிலிருந்து கத்தினான். அவள் ஓடினாள்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது பெவ் தட்டுகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழுவித் துடைத்திருந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ஒருவரிடம் அவர் பாட்டியின் முழங்காலைப் பற்றிக் கேட்டார். இன்னொருவரிடம் அவர் நாயைப் பற்றிக் கேட்டார்.

கடைசியாக டெல்லாவின் அம்மாவிடம் வந்தார். எலுமிச்சைத் துண்டு வைத்திருந்த தட்டை நீட்டினார். அதில் பச்சைத் தொப்பி இன்னும் கட்டியே இருந்தது. அதுவும் தோய்த்து, நாடா புதிதாக முடிச்சுப் போட்டிருந்தது.

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். தட்டோடு சேர்த்துப் பெவ்வின் கையையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள்.

பெவ் டெல்லாவின் ஈரத் தலையை ஒரு முறை அழுத்தித் தடவினார். பிறகு, அந்தக் கடற்கரையிலேயே அதிகம் பேசும் பெவ், ஒரு வார்த்தையும் பேசாமல், வெறும் கையை வீசிக்கொண்டு மணலில் நடந்து போனார்.