ஒரு சாண் இடைவெளி

நிலவின் இடைமாறு நிலையத்தில் தினமும் நடப்பதுதான். நீலக்குழி ஊரிலிருந்து ரயில் வந்து நிற்கும். பயணிகள் இறங்கி, காற்றடைத்த இணைப்புக் குழாய் வழியாக நடந்து, அடுத்த ஊரான ஆதவபுரியின் ரயிலில் ஏறிக்கொள்வார்கள். சரக்குப் பெட்டிகளைப் பளுதூக்கி தூக்கி மாற்றிவைக்கும். ஏன் மாற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அன்று நிலம் அதிர்ந்ததில் நீலக்குழியின் கூரை விரிசல் விட்டது. இடைமாறில் குழாய் கிழிந்தது, பளுதூக்கி செத்தது. சற்று நேரத்தில் நீலக்குழியிலிருந்து ஒற்றைப் பெட்டி தப்பி வந்தது. உள்ளே முப்பது பேர். ஒருவரிடமும் விண்ணுடை இல்லை. காற்றும் தீர்ந்துகொண்டிருந்தது.

பெட்டியை ஓட்டிவந்த கிறிஸ்துதாஸ் வானொலியில் கத்தினான். "அக்கா, அப்படியே உங்க லைன்ல ஏத்தி விட்டுருங்க!"

"ஏறாதுப்பா. எங்க பாதை ஒரு சாண் அகலம் ஜாஸ்தி," என்றாள் இடைமாறில் நின்ற ஆதவபுரியின் தண்டவாள மேற்பார்வையாளர் பெரியநாயகி.

"எவன்க்கா இப்படிப் போட்டான்?"

"உங்களுது இங்கிலாந்துல குதிரை நிலக்கரி வண்டி இழுத்த பாதையோட அளவு. எங்களுது இந்தியாவுல வெள்ளைக்காரன் போட்ட அகலப்பாதை. ரெண்டு ஊரும் பூமியில இருந்த ரயில் மெஷினை அப்படியே கொண்டாந்துட்டோம். மாத்த ஒருத்தரும் ஒத்துக்கல."

பக்கத்துப் பாதையில் ஆதவபுரியின் காலிச் சரக்கு வண்டி நின்றது. அவள் விண்ணுடை அணிந்த தன் ஆட்களைக் கூப்பிட்டாள். "பெட்டியைச் சக்கரத்துலேருந்து கழட்டுங்க. கையாலயே தூக்கி அந்த வண்டியில வைப்போம். இங்க எடை ஆறுல ஒரு பங்குதானே?"

தூக்கினார்கள். எடைதான் குறைவு, நிறை குறையவில்லை; ஒருமுறை அசைந்த பெட்டி நிற்க மறுத்தது. சாய்ந்து வந்த பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவே தோளைக் கொடுத்தான் அவள் ஆட்களில் ஒருவனான அமிர்தகடேசன். அவன் உடை கிழிந்தது. "விட்டுராதீங்க!" என்றான். அதன்பின் அவன் குரல் வரவில்லை. அழுதபடியே பெட்டியை வண்டியில் இறக்கினார்கள். முப்பது பேரும் பிழைத்தார்கள்.

மறுநாள் இரு ஊர்ச் சபைகளும் கூடின. ஒரே அகலமாக்க எந்த ஊர்த் தண்டவாளத்தை நகர்த்துவது என்று மாலைவரை வாதிட்டன. முடிவு வரவில்லை.

பெரியநாயகி எழுந்து, விண்ணுடை அணிந்து வெளியே போனாள். ஆதவபுரித் தண்டவாளத்தின் முதல் திருகாணியில் திருகுசாவியை மாட்டினாள். அது அசையவில்லை. விண்ணுடையில் வந்த கிறிஸ்துதாஸ் சாவியின் மறுமுனையைப் பிடித்தான்.