மாட்டுக்கொட்டகை வளைவில் ஒரு விரிசல்

வெள்ளிக் கிண்ணம் இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டுத்தாலி இல்லை.

அது மாரியம்மனுடைய தாலி. வருஷம் முழுக்க அர்த்தநாரியின் வீட்டுப் பூசை அறையில் இருக்கும். சித்திரைத் திருவிழாவில், அம்மன் கல்யாணத்தன்று மாலை, மேளதாளத்தோடு கோயிலுக்குப் போகும். அந்த நாள் இன்றுதான். காலை எட்டு மணிக்குக் கிண்ணத்தில் பார்த்த தாலியை ஒன்பது மணிக்குக் காணவில்லை என்றதும், அர்த்தநாரியின் மனைவி சரஸ்வதியம்மாள் போட்ட சத்தம் களத்துமேடு வரை கேட்டது.

அந்த ஒரு மணி நேரமும் அவள் பின்கட்டு அறையில்தான் இருந்தாள். நிறைமாதமாக இருந்த மகளைப் பார்க்க நர்ஸ் நாச்சம்மாள் வந்திருந்தாள். வீட்டுப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் கூடி நின்றார்கள். முன்கட்டுக்குள் வந்து போனவர்கள் இரண்டே பேர். பூசை அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன் மேஸ்திரி ஒருவர். கார்ப் பாதையின் விரிசல்களுக்குத் தார் ஊற்ற வந்து, சமையலறைக்கு நெருப்புக் கங்கு கேட்டு நுழைந்த சின்னையன் இன்னொருவன்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். எல்லோருக்கும் முன்னால் வேட்டி மடியை உதறினார். சுண்ணாம்புச் சட்டியைத் தரையில் கவிழ்த்தார்.

"எம்பட மேல சந்தேகம் வேண்டாமுங்க. நல்லாப் பாத்துக்கங்க."

அவரிடம் ஒன்றும் இல்லை. ஆகவே எல்லோருடைய கண்ணும் சின்னையன் மேல் திரும்பியது. அவன் அப்போதுதான் கேட்டுக்கு வெளியே இருந்து, தலையில் ஒரு சாக்கோடு வந்துகொண்டிருந்தான். கேட்க வேண்டுமா? திருடியதை வெளியே கொண்டுபோய் ஒளித்துவிட்டு வருகிறான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

வயலிலிருந்து ஓடிவந்த அர்த்தநாரி காரை எடுத்தார். "நான் போலீசைக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் ஒருத்தரும் கேட்டைத் தாண்டக் கூடாது. அவனைத் தென்னை மரத்துக்கிட்ட உக்கார வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சம்மாள் மட்டும் சின்னையன் திருடினான் என்பதை நம்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மழையில், பாம்பு கடித்த புருஷனை ஜீப்பில் போட்டுக்கொண்டு பாலக்காடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது ரோடு வேலைக் கூட்டத்திலிருந்த ஒரு மனிதன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் துழாவித் துழாவி, ஜீப்புக்கு வழி காட்டிக்கொண்டே அக்கரைக்கு நடந்தான். அந்த மனிதன்தான் சின்னையன். இன்றைக்கும் அவள் வீட்டில் குழம்பில் உப்பு போதவில்லை என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறதென்றால் அது அவன் போட்ட பிச்சை. ஒவ்வொரு முறை உப்புக் குறை கேட்கும்போதும் அவள் மனசுக்குள் அவனை நினைத்துக் கும்பிட்டுக்கொள்வாள். நேரில் சொல்லத்தான் வாய்க்கவில்லை. ரோடு வேலை முடிந்து அவன் எங்கோ போய்விட்டான்.

இப்போது அவன் தென்னை மரத்தடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கள்ளன் என்ற பேர் ஒரு முறை ஒட்டிவிட்டால், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை ஒருவரும் அவனை வாசலில் சேர்க்கப் போவதில்லை. கார் திரும்பி வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

நாச்சம்மாள் அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"சின்னையண்ணா, காலையில எதுக்கு உள்ள போனீங்க?"

"கங்கு எடுக்கப் போனனுங்க நர்சம்மா. தார் காய்ச்சறதுக்கு அடுப்பு மூட்டோணுமில்லீங்க."

"பூசை ரூமுக் கதவு?"

"தொறந்துதான் இருந்துச்சுங்க. மேஸ்திரி உள்ள இருந்தாப்ல. நான் அந்தப் பக்கம் தலையே திருப்பலீங்க."

"அப்புறம்?"

"தாரை அடுப்புல வெச்சுப்போட்டு பாறைப்பொடி அள்ளியாரப் போனனுங்க. ஊத்துன தார் மேல பொடி தூவோணும். இல்லீன்னா கார் டயர்ல ஒட்டிக்குமுங்க. திரும்பி வந்தா, பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

"இன்னைக்கு எங்கெங்க ஊத்துனீங்க?"

"எங்கியும் ஊத்தலீங்க. மாட்டுக்கொட்டாய் வளைவு வரைக்கும் நேத்தே முடிஞ்சுதுங்க. கேட்டுகிட்ட ஒரு சின்ன வெடிப்பும் படிக்கட்டுகிட்ட இருக்கற விரிசலுந்தான் பாக்கி. படிக்கட்டுகிட்ட இந்த ஊட்டுப் பண்ணாடிச்சி காலையில சாணி கரைச்சு வாசத் தொளிச்சிட்டாங்க. ஈரத்துல தார் ஊத்துனா ஒட்டாதுங்க. பொருபொருன்னு பொங்கும், அப்புறம் தோலாட்டம் உரிஞ்சு வந்துரும். தொளிக்காதீங்கன்னு முந்தாநாளே கேட்டனுங்க. 'வாசத் தொளிக்காம கெடக்க இது என்ன எழவு ஊடா'ன்னு பேசிப்போட்டாங்க."

சொல்லிவிட்டு அவன் லேசாகச் சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நாச்சம்மாளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தாள்.

மேஸ்திரி முகப்பில் நின்று சரஸ்வதியம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்து முகப்பு வரை கார் வருவதற்காகப் போட்டிருந்த சிமெண்டுப் பாதை அவருடைய கைவேலை. ஒவ்வொரு கோடையிலும் அது வெடிக்கும். ஒவ்வொரு வருஷமும் அவரே வந்து சிமெண்டு பூசுவார். அடுத்த கோடையில் மறுபடி வெடிக்கும். இந்த வருஷம் அர்த்தநாரிக்குச் சலித்துப்போய், வெயிலுக்குத் தார் வளைந்து கொடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சின்னையனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"கண்டவனையெல்லாம் உள்ள விட்டா இப்படித்தானுங்க" என்றார் மேஸ்திரி. "அந்தத் தாரைப் பாக்கப் பாக்க எனக்கே ஆகலை. நாளைக்கே எல்லாத்தையும் பேத்துப் போட்டுட்டு, நான் பழையபடி சிமிட்டி பூசிக் குடுத்தர்றனுங்க. கூலியே வேண்டாமுங்க."

"அதுக்கு இப்ப என்னங்க அவசரம்?" என்றாள் நாச்சம்மாள்.

"அவசரமெல்லாம் இல்லீங்க. அம்மா மனசு சங்கடப்படுதேன்னு சொன்னேன்."

உச்சி வெயில் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு அர்த்தநாரியின் கார் கேட்டுக்குள் நுழைந்து, மாட்டுக்கொட்டகை வளைவில் வெடுக்கென்று திரும்பி முகப்பில் நின்றது. எஸ்.ஐ. ஒரு போலீஸ்காரரோடு இறங்கினார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சின்னையன் மட்டும் வளைவைப் பார்த்தான். கார் சக்கரம் திரும்பிய இடத்தில், முழ நீளத்துக்குத் தார் விரிசலைவிட்டுப் பெயர்ந்து சுருண்டு கிடந்தது.

"ஐயோ, எம்பட வேலை உரியாதுங்களே" என்றான். போலீஸ் வந்ததைக் காட்டிலும் அது அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

நாச்சம்மாள் வளைவுக்குப் போய்க் குனிந்தாள். சுருண்ட தாரைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், தோசையின் மேல்பக்கம் போல. பக்கத்தில், அதே விரிசலில், மிச்சத் தாரைத் தன் பையிலிருந்த கத்தரிக்கோலின் முனையால் நெம்பினாள். அசையவில்லை. வேறு மூன்று இடங்களில் நெம்பினாள். எதுவும் அசையவில்லை. சுற்றிலும் பார்த்தாள். படிக்கட்டு எங்கேயோ தள்ளி இருந்தது. சாணித் தண்ணீர் இங்கே வர வழியில்லை. மாடுகள் விடிந்ததும் மேய்ச்சலுக்குப் போய்விட்டன. மழை பெய்து மாதக் கணக்காகிறது.

அவள் நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சார், ஒரு சின்ன உபகாரம். அவரைக் கொண்டு போறதுக்கு மின்ன எனக்கு ஒரு காரியம் பாக்கோணும்."

எஸ்.ஐ. அர்த்தநாரியைப் பார்த்தார். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவளிடம் அவர் என்ன மறுப்புச் சொல்வார்? தலையை ஆட்டினார். "சரி, வேகம் ஆகட்டே" என்று மலையாளத்தில் அவசரப்படுத்தினார் எஸ்.ஐ.

அடுப்பில் தார் இன்னும் சூடாக இருந்தது. கேட்டுப் பக்கம் ஒரு சின்ன வெடிப்பு அடைபடாமல் கிடந்தது. பக்கத்தில் சுண்ணாம்பு வேலைக்கு வைத்த தண்ணீர் வாளி இருந்தது.

"மேஸ்திரி, சின்னையண்ணன் கையை இனி இங்க வைக்க விடமாட்டாங்க. நீங்கதான் பாக்கியை முடிக்கோணும். இந்த வெடிப்புல ஒரு கை தார் ஊத்திக் காட்டுங்க."

"அதுக்கென்னங்க" என்று மேஸ்திரி முன்னால் வந்தார். விளக்குமாற்றால் வெடிப்பைப் பெருக்கினார். குந்தி உட்கார்ந்தார். வலது கையில் தார்க் கரண்டியை எடுத்தார். இடது கை தானாகத் தண்ணீர் வாளிக்குள் போனது. ஒரு கை தண்ணீரை அள்ளி வெடிப்பின் மேல் பளிச்சென்று தெளித்தார்.

"தண்ணி தொளிக்காதீங்க மேஸ்திரி" என்று சின்னையன் மரத்தடியிலிருந்து பதறினான்.

மேஸ்திரியின் கை அந்தரத்தில் நின்றது.

"அவ்வளவுதானுங்க சார்" என்றாள் நாச்சம்மாள். "தாலியை எடுத்தது பொங்கியண்ணன் மேஸ்திரி."

எல்லோருடைய கண்ணும் மேஸ்திரியின் ஈரக் கையில் விழுந்தது. நாச்சம்மாள் விளக்கினாள்.

"சிமிட்டி பூசறவங்க விரிசலை நனைக்காம பூசமாட்டாங்க. நனைச்சாத்தான் சிமிட்டி பிடிக்கும். தாருக்கு நேர் எதிர், ஈரம் இருந்தா ஒட்டாது. சின்னையண்ணன் அதுக்குப் பயந்துதான் படிக்கட்டுகிட்ட ஊத்தாம விட்டிருந்தார். அவர் காய்ஞ்ச விரிசல்ல நேத்து ஊத்துன தார் அத்தனையும் கல்லாட்டம் நிக்குது. மாட்டுக்கொட்டாய்கிட்ட ஒரு முழம் மட்டும் உரிஞ்சு வந்திருக்கு. அடியெல்லாம் ஓட்டை. ஈரம் சூட்டுல பொங்குன ஓட்டை. அங்க நேத்து ஊத்துன தாரைப் பேத்து, உள்ள எதையோ வெச்சு, மறுபடி ஊத்தியிருக்காங்க. ஊத்துனது தண்ணி தொளிச்சுப் பழகின கை. சின்னையண்ணன் பாறைப்பொடி எடுக்கப் போனப்ப, அடுப்புல தார் காய்ஞ்சிட்டு இருந்துச்சு. நாங்க எல்லாரும் பின்கட்டுல இருந்தோம்."

"மடியை உதறினானே?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

"மடியில இல்லைன்னு தெரிஞ்சுதானுங்க உதறினார். திருட்டுப் பட்டம் சின்னையண்ணனுக்கு. தாரைப் பேக்கற வேலை மேஸ்திரிக்கு. நாளைக்குப் பட்டப்பகல்ல, நீங்க பாக்கப் பாக்கவே பேத்து எடுத்துட்டுப் போயிருப்பார். கூலிகூட வேண்டாம்னாரு."

எஸ்.ஐ. வளைவுக்கு நடந்தார். உரிந்த இடத்தில், மரத்து வேர் தூக்கி அகலப்படுத்திய விரிசலுக்குள், கூட வந்த போலீஸ்காரர் கம்பியை விட்டுக் கிளறினார். ஈரச் சாக்குத் துணியில் சுற்றி, மேலே மணலைப் போட்டு வைத்திருந்தது. உள்ளே அம்மனின் தாலி மின்னியது.

மேஸ்திரி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். "நான் போட்ட பாதைங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இருவது வருசமா எம்பட கைதான் அதைத் தொட்டுச்சு."

அவரைக் காரில் ஏற்றினார்கள். மாலையில் தாலி மேளதாளத்தோடு கோயிலுக்குப் போனது. அர்த்தநாரி கேட்டுக்கொண்டதால், கூட்டத்தின் முன்னால் சின்னையனும் நடந்தான்.

மறுநாள் காலை நாச்சம்மாள் வந்தபோது, அவன் தாரைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"நீங்க இல்லீன்னா என்னாயிருப்பனுங்க நர்சம்மா."

"தரைப்பாலத்துல நீங்க தண்ணியில எறங்கலீன்னா என் ஊட்டுக்காரர் என்னாயிருப்பாரு அண்ணா?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அந்த ஜீப்பா? அது நீங்களா?" என்றான். பிறகு, "நல்லா இருக்காருங்களா?" என்றான்.

"நல்லா இருக்கார். தெனமும் உப்புப் பத்தலைங்கறார்" என்றாள் நாச்சம்மாள். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் அவள் படிக்கட்டைக் கவனித்தாள். வாசல் சருகாகக் காய்ந்து கிடந்தது. சாணித் தெளிப்பு இல்லை, கோலம் இல்லை. திருவிழா முடியாத நாளில், ஊரே எழுந்து வாசல் தெளித்த பிறகும், அந்த வீட்டு வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. கோலம் கேட்டுக்கு வெளியே, தெருவோரத்தில் போட்டிருந்தது. சரஸ்வதியம்மாள் படியில் காலிக் குடத்தோடு நின்று, சின்னையன் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் போன முத்தாத்தாள் நின்று, தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏனுங்க, வாசத் தொளிக்கலையே, ஊட்டுல ஏதாச்சுமுங்களா?"

"ஒண்ணுமில்லை" என்றாள் சரஸ்வதியம்மாள். "எங்க சின்னையன் தார் ஊத்தறாரு. ஈரம் ஆகாது."