செலின் மகால்

ஆண்டுக்கு ஒருமுறை செலின் மகாலுக்கு உறைநீர் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அது வளர்ந்துவிடும்.

யாரும் சிமெண்டைப் பார்த்தே இருபது வருடம் ஆகியிருந்தது. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சி, நுண்ணுயிர்கள் தாமே கட்டும் வளர்கல்லில்தான் பாலங்கள், பள்ளிக்கூடங்கள், வீடுகள் எல்லாம். வேண்டிய வடிவம் வந்ததும் உறைநீரைத் தெளித்து அந்த நுண்ணுயிர்களை உறங்க வைத்துவிடுவார்கள்.

வளர்கல்லைக் கண்டுபிடித்தவர் டாக்டர் செலின். அவர் நோயில் இறந்த பிறகு, கணவர் அம்புரோஸ் பாம்பனுக்குத் தெற்கே, ஆழமில்லாத கடலில் எழுபது தூண்களின் மேல் அந்த வெள்ளை மகாலை எழுப்பினார். ஒன்பது ஆண்டு வேலை. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் படகில் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். அம்புரோஸும் வாரம் தவறாமல் வந்தார்.

அப்படி வந்த ஒருநாள் படகுத்துறையில் ஒரு பெண் அவரை மறித்தாள். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, இடுப்பில் நைலான் வலைப்பை. கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பஞ்சவர்ணம்.

"இதக் கட்டுனது நீங்கதானா ஐயா?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க மருந்து அடிச்சா கார்த்திகை வரைக்கும் எங்களுக்குப் பாசி கிடையாது. மீனு, நண்டு எதுவும் அண்டாது. நாப்பது பொம்பளைக இந்தக் கடல நம்பித்தான் முங்குறோம்."

"அது எதையும் கொல்லாதும்மா. சோதனை பண்ணித்தான் அடிக்கிறோம்."

"கீழ இறங்கிப் பாத்தியளா?"

செலின் போன பிறகு அம்புரோஸ் கடலில் கால்கூட நனைத்ததில்லை.

மறுநாள் காலை, நீரிலிருந்தே மூச்சைப் பிரித்துத் தரும் செவுள்முகமூடியை மாட்டிக்கொண்டு அறுபத்தெட்டு வயதில் இறங்கினார். பஞ்சவர்ணம் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப் போனாள். தூண் தூணாக வழுவழுவென்ற வெறுமை. ஒரு பூச்சி புழு இல்லை. கடைசியில் வடகிழக்கு மூலைக்குப் போனார்கள். அங்கே நீரோட்டம் உறைநீரைக் கழுவிவிடும். அந்த ஒரு தூண் மட்டும் பவளப்பாறைபோலக் கொம்பு கொம்பாகக் கிளைவிட்டிருந்தது. ஊதா, மஞ்சள், பச்சை. கிளிமீன்கள் அதைக் கொறித்துக்கொண்டிருந்தன.

மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும் அவருக்குப் பழசு நினைவு வந்தது. செலின் வளர்கல்லை உருவாக்கியது செத்துக்கொண்டிருந்த பவளப்பாறைகளுக்காக. 'முதல்ல கட்டடம் கட்டிக் காட்டுவோம், உலகம் நம்பட்டும். அப்புறம் உன் பாறைக்குப் போகலாம்' என்று சொன்னது அம்புரோஸ்தான். அந்த 'அப்புற'த்துக்கு முன்பே செலின் போய்விட்டார்.

மகாலைப் பராமரிக்கும் பொறியாளர் இர்பானாவை அன்றே அழைத்தார்.

"உறைநீரை நிறுத்தினா கல்லு தன் இஷ்டத்துக்குக் கிளைவிடும் சார். ஆறு வருஷத்துல எடை தாங்காம கூரை இறங்கிடும். மகால்னு ஒண்ணு இருக்காது."

"ஆளுக்கு ஆபத்து?"

"யாரையும் மேல ஏத்தலைன்னா இல்லை."

"நிறுத்திடுங்க."

"சார், செலின் அம்மா நினைவா கட்டினது…"

"அதனாலதான்மா சொல்றேன்."

ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் கூரை மெல்லச் சரிந்து கடலுக்குள் இறங்கியது. பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அம்புரோஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் விழுந்த கல்லையெல்லாம் பவளப்பாறை பிடித்துக்கொண்டு படர்ந்தது. அலை அடங்கிக் கரை அரிப்பு நின்றது. துறைமுகங்களும் நீருக்கடியில் இருந்த தங்கள் சுவர்களுக்கு உறைநீர் அடிப்பதை விட்டன. அரசு அந்த இடத்தைக் காப்புக்கடல் என்று அறிவித்து, பாசிப் பெண்களையே காவலுக்கு வைத்தது.

அடுத்த ஆண்டு, செலினின் நினைவு நாளில் அம்புரோஸ் படகேற வந்தார். சீருடைச் சட்டையில் பஞ்சவர்ணம் கையை நீட்டித் தடுத்தாள்.

"இப்ப போக முடியாதுய்யா. மீனு முட்டையிடுற காலம். மாசி பொறந்ததும் வாங்க."

"நான் கட்டினதும்மா அது."

"கட்டுனது நீங்கதான். யாரு இல்லைன்னா? ஆனா இப்ப அங்க குடியிருக்கிறது வேற ஆளுக."

அம்புரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செலின் ஆராய்ச்சிக்காக முங்கிய நாட்களில், எப்போது மேலே வருவாள் என்று தெரியாமல் இதே கரையில் எரிச்சலோடு உட்கார்ந்திருப்பார். இன்று எரிச்சல் வரவில்லை. பஞ்சவர்ணம் நீட்டிய பதிவேட்டை வாங்கி, மாசி மாதத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் முன்னூற்றுப் பன்னிரண்டாவது ஆளாகத் தன் பெயரை எழுதினார்.