பதினேழாவது குழியில் இறக்கிய மிஷின்

ஆழம் பார்க்க விட்ட கயிறு மேலே வந்தபோது அதன் நுனி சில்லென்று இருந்தது.

கொளஞ்சியப்பன் அதை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தான். ஈரம் இல்லை, மண்ணும் ஒட்டவில்லை. கல்லைக் கட்டி இறக்கிய வெறும் தேங்காய்நார்க் கயிறுதான். ஆனால் கடைசி இரண்டு முழம் மட்டும் ஐஸ் பாளங்களுக்கு நடுவே ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்ததுபோல விறைத்துப் போயிருந்தது. நடந்தது எண்பத்து நாலாம் வருஷத்துக் கத்திரியில். அந்த வருஷம் ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் காட்டில் அடித்த வெயிலுக்குப் பயந்து காக்கைகள் நடந்தேதான் ஊருக்குப் போய் வந்தன. பறந்தால் இறக்கை பற்றிக்கொள்ளும் என்று அவற்றுக்கே தெரிந்துவிட்டது. கோழிகள் அவித்த முட்டையாகவே இட்டன. அப்படிப்பட்ட வெயிலில், பதினைந்து அடிக்குக் கீழே அப்படி ஒரு குளிர்.

வேறு எவனாவது என்றால் கயிற்றைப் போட்டுவிட்டு அரியலூர் ரயில்வே கேட் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடியிருப்பான். கொளஞ்சியப்பன் ஏசி மெக்கானிக். அவனுக்குச் சந்தோஷம் வந்தது.

சந்தோஷத்துக்குக் காரணம் ராசாங்கம் சார். சிமெண்ட் கம்பெனிக்காகக் கல் தேடி வந்த ஆபீசர் அவர். டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திய ஒரு கேரவனில், அதாவது சக்கரம் வைத்த இரும்பு வீட்டில், அந்தப் பொட்டல் நடுவே குடியிருந்தார். மனிதருக்கு ஒற்றைத் தலைவலி, சத்தம் ஆகாது. எறும்பு ஊர்ந்தால் விழித்துக்கொண்டு, போனது கட்டெறும்பா சிற்றெறும்பா என்று சொல்லக்கூடியவர். முதலில் ஜன்னலில் ஒரு பெட்டி ஏசி போட்டார்கள். அதைப் போட்ட அன்றே கேரவன் அரிசி மில் மாதிரிக் குலுங்கி, தட்டும் தம்ளரும் மேஜையை விட்டு இறங்கி வாசல்வரை நடந்து வந்தன. அடுத்து வெட்டிவேர் கூலர் வந்தது. அது ஒரு நாளைக்கு எட்டுக் குடம் தண்ணீரைக் குடித்துவிட்டு விடிய விடியத் தவளைபோல் கத்தியது. மூன்றாவதாகத்தான் கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"ரெண்டு துண்டு மிஷின் சார்" என்றான் அவன். "சத்தம் போடுற பாதி வெளிய, காத்து குடுக்குற பாதி உள்ள. நடுவுல செம்புக் குழாய் போவும். மெட்ராஸ்ல வந்துடுச்சு."

"வெளிய வச்சா மட்டும்? இந்தக் காட்டுல ஓணான் தும்முனாக்கூட எனக்குத் தல வெடிக்குதுப்பா. நான் திருச்சிக்குப் போயிட்டு நாளைக்குச் சாயங்காலம் வரேன். மிஷின் ஓடுறதே எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா நீயே தூக்கிட்டுப் போயிடு."

ஓடுவது தெரியாத மிஷின் போட வந்தவனுக்கோ காது கேட்காது. ஐஸ் பேக்டரியில் பதினோரு வருஷம் பெரிய மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றதில் வலது காது அடியோடு செத்துப் போயிற்று. இடது காது அரைக்காது. அதனால் எந்த மிஷினைப் பொருத்தினாலும் பெண்டாட்டி புஷ்பவல்லியைக் கூட்டிக்கொண்டு போய் எதிரே உட்கார வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பான். அவளுக்கு ஜெயங்கொண்டத்தில் எவள் வீட்டிலாவது பால் பொங்கினால் அரியலூரில் காது விடைக்கும்.

இந்த முறை அவளைக் கூட்டி வர இன்னொரு காரணமும் இருந்தது. அவளுக்கு எட்டு மாசம். இதற்கு முன்னால் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் ஏழாம் மாசத்துக் கத்திரி வெயிலில் போய்விட்டன. இரண்டாவதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனபோது அது கனமே இல்லாமல் இருந்தது அவன் கையில் இன்னும் இருக்கிறது. இந்த மூன்றாவது ஏழைத் தாண்டிவிட்டது. சூடு படாமல் பார்த்துக்கொள் என்று நர்சம்மா சொல்லியிருந்தாள். அவன் ஓட்டு வீட்டில் எங்கே போவான் சூடு படாத இடத்துக்கு? கேரவனில் ஒரு பகல் முழுக்க ஏசி ஓட்டிப் பார்த்தாக வேண்டும். அந்த ஒரு பகலாவது பிள்ளை குளிர்ச்சியில் கிடக்கட்டும்.

"குழிக்குள்ள எதுக்குங்க எறக்குறீங்க?" என்றாள் புஷ்பவல்லி, கேரவன் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே.

"உள்ள குளுருது புள்ள. வேற குழியா இருந்தா மிஷின் தன் சூட்டுலயே வெந்துபோவும். இது வேவாது. சத்தமும் மேல வராது."

"குழி எப்படிங்க குளுரும்?"

"அது குளுந்தா ஒனக்கு என்னா? நீ உள்ள போய் உக்காரு. சத்தம் கேட்டா ஜன்னல்ல ரெண்டு தட்டு. கேக்கலன்னா ஒண்ணு."

"தட்டுறது மட்டும் கேட்டுருமாக்கும் என் செவிட்டு மகாராசாவுக்கு!"

"கையப் பாத்துக்குறேன். போ."

மிஷினை இறக்க முக்காலியும் செயின் கப்பியும் கொண்டுவந்தவன் அரியமுத்து. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடி, கேரவனுக்குக் கரண்ட் தரும் கம்பெனி ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற ஆள். அவன் குழி விளிம்புக்கு ஓர் அடி தள்ளியே நின்றான்.

"அண்ணே, இது பதினேழாவது குழிண்ணே. கல்லு பாக்க இருவது குழி வெட்டுனாங்க. பத்தொம்பது மூடியாச்சு. இது மட்டும் மூட மாட்டேங்குது."

"குழி எப்படிடா மூட மாட்டேங்கும்?"

"மண்ணு கொட்டுவோம். மறுநாள் வந்து பாத்தா பழைய ஆழம் அப்படியே இருக்கும். நாப்பது டிராக்டர் கொட்டியாச்சுண்ணே."

"மழையில கரைஞ்சு போயிருக்கும்."

"எந்த மழைண்ணே?"

கொளஞ்சியப்பன் சிரித்துவிட்டான். பிறகு வானத்தைப் பார்த்தான். ஏழு மாசமாக மேகத்தின் ஒரு துணுக்கைக்கூடப் பார்க்காத வானம்.

முதலில் ஆறடியில் தொங்கவிட்டு ஓட்டினார்கள். ஜன்னலில் அவள் கை இரண்டு முறை தட்டியது. பத்தடிக்கு இறக்கினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, தயங்கித் தயங்கி, மறுபடியும் இரண்டு. சரி, அடிவரைக்கும் போய்விடலாம் என்று பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு கொளஞ்சியப்பனே ஏணியில் இறங்கினான்.

பாதி ஏணியில் வியர்வை நின்றது. அடியில் கால் வைத்தபோது உடம்பு முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. குழியின் சுவரெல்லாம் வெள்ளைக் கல். கல்லுக்குள் எந்தக் காலத்துக் கடலிலோ கிடந்த சிப்பிகள் வாயைத் திறந்தபடி பதிந்திருந்தன. மண் வாடை வரவில்லை. தூங்கி எழுந்தவன் பல் விளக்காமல் முகத்துக்கு நேரே வந்து பேசினால் அடிக்குமே, அந்த வெதுவெதுப்பான வாடைதான் அந்தக் குளிருக்குள் மிதந்தது. பலகையைப் போட்டு, தொங்கிய செயினைக் கீழேயிருந்தே இழுத்து மிஷினை அதன் மேல் இறக்கி, கிடைமட்டம் பார்க்கக் குனிந்தபோது அவனுக்கு ஒரு சத்தம் கேட்டது.

சப்.

ஈரமான சத்தம். கொஞ்சம் நின்றது. மறுபடியும், சப்.

நிமிர்ந்தான். இடது காதைப் பொத்திப் பார்த்தான். சத்தம் குறையவில்லை. வலது காதைப் பொத்தினான். நின்றுவிட்டது. கையை எடுத்தான். சப். ஒன்பது வருஷமாக மாரியம்மன் கோயில் வேட்டுக்கூடக் கேட்காத காதில், காதோரத்தில் வாயை வைத்து உறிஞ்சுவதுபோல அது கேட்டது.

இரண்டு இரண்டு படியாக ஏறி மேலே வந்தான்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் மிஷினைத் தூக்க வேண்டும். தூக்கினால் சத்தம் வரும், சாயங்காலம் ஆபீசர் வருவார், புஷ்பவல்லி திரும்பவும் அந்த ஓட்டு வீட்டுக்குள் போய் வேக வேண்டும். காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டான். அழுக்கு என்று முடிவு செய்து, மிஷின் சுவிட்சைப் போட்டான். சொல்ல அரியமுத்துவும் அங்கே இல்லை. பீடி பிடிக்கப் போயிருப்பான்.

ஜன்னலில் அவள் கை ஒரே ஒரு முறை தட்டியது.

அவன் ஓடிப் போய் நின்றான். புஷ்பவல்லி ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். அந்த இடுக்கு வழியே வந்த காற்று அவன் கழுத்து வியர்வையைத் துடைத்து எடுத்தது.

"எம்மாடி, என்னா குளுருங்க! சத்தமே இல்ல. ஓடுதா இல்லையான்னே தெரியல. ஆபீசரு ஒங்களத் தூக்கி வச்சுக் கொஞ்சப் போறாரு பாருங்க."

"புள்ள எப்படி இருக்கு?"

"ஒரே ஆட்டந்தான். குளுரு புடிச்சிருக்கு போல." வயிற்றைத் தடவியபடி அவள் தலையை லேசாகச் சாய்த்தாள், அடுத்த அறையில் யாரோ கூப்பிட்டதுபோல. "ஏங்க, மிஷினுக்கு மூச்சு விடுற மாதிரி ஒரு இது உண்டா?"

"காத்து வர்ற சத்தமா இருக்கும்."

"காத்து வர்ற மாதிரி இல்லீங்க. இழுக்குற மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "போங்க, போய்ச் செத்த நேரம் படுங்க. நானும் கண்ண மூடுறேன். ரெண்டு மாசமாச்சு நல்லாத் தூங்கி."

ஜன்னல் சாத்திக்கொண்டது.

அவன் வேலிக்காத்தான் நிழலில் துண்டை விரித்துப் படுத்தான். மனசு நிறைந்திருந்தது. உச்சிப்பொழுது. பொட்டல் முழுக்க வெள்ளையாக எரிந்தது. வேறு எதற்கும் நிழல் இல்லை, கேரவனுக்குக்கூட இல்லை. குழியின் வாய் மட்டும் கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகினான்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அரியமுத்து. பக்கத்தில் சைக்கிள், அதன் கேரியரில் டீசல் கேன்.

"என்னாண்ணே, நீங்க பாட்டுக்குத் தூங்குறீங்க! அக்கா எங்க? வெளிய வரச் சொல்லிட்டீங்களா?"

"எதுக்குடா வெளிய? ஏசி ஓடுதுல்ல."

"எங்கண்ணே ஓடுது? டீசல் தீந்து ஜெனரேட்டரு நின்னு ரெண்டு மணி நேரமாச்சு. நீங்க குழிக்குள்ள எறங்குனப்பவே நின்னுபோச்சு. மேலருந்து கத்திட்டுத்தான் சைக்கிள எடுத்தேன். காதுல வுழலயா?"

கொளஞ்சியப்பன் எழுந்து நின்றான்.

மிஷின் அடியில் ஓடவே இல்லை. அதனால்தான் அவள் ஒரு முறை தட்டினாள். அப்படியானால் அந்தக் குளிர்? அதை நினைக்க அவனுக்கு நேரமில்லை. ரெண்டு மணி நேரம். மூடிய இரும்பு வீடு. கத்திரி வெயில். உள்ளே எட்டு மாசத்துப் பிள்ளை. கனமே இல்லாத அந்தத் துணி மூட்டை கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓடினான்.

குழியைத் தாண்டும்போது கண் தானாக உள்ளே போனது.

பலகை இல்லை. மிஷின் இல்லை. அவன் நின்று வேலை பார்த்த அடி இல்லை. வெள்ளைச் சுவர்கள் இறங்கி இறங்கிக் கறுப்புக்குள் போய்க்கொண்டே இருந்தன. செயின் அறுந்து தொங்கியது. செம்புக் குழாய் மட்டும் விளிம்பு மேல் வளைந்து, மீன் சிக்கிய தூண்டில் நரம்புபோல் விறைத்து நேராகக் கீழே போயிற்று.

நிற்கவில்லை. ஓடினான்.

கேரவன் சுவரில் கையை ஊன்றினான். சுடவில்லை. தகடு முழுக்க நீர் பூத்து வழிந்தது. காய்ந்து வெடித்த மண்ணில் அதைச் சுற்றி ஒரு ஈர வட்டம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது.

"வல்லி!"

கைப்பிடியைப் பிடித்தான். உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது. தோளால் இடித்தான். ஒரு முறை. இன்னொரு முறை. கதவு உள்ளே விழுந்தது.

இருட்டு. குளிர். அவன் மூச்சு புகையாக முன்னால் போனது.

சுவரில் அவன் மாட்டியிருந்த ஏசியின் உள்பாதி பிய்ந்து தொங்கியது. குழாயும் பிடுங்கப்பட்டிருந்தது. குழாயைப் பிடுங்கினால் கேஸ் சீறும். சீறவில்லை. நெடி இல்லை. எதுவும் இல்லை.

புஷ்பவல்லி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் நன்றாகத் தூங்கி எழுந்த முகம். புருவத்தில் பனி. உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசருது."

அவன் கண் அவள் வயிற்றுக்குப் போனது. தட்டையாக இருந்தது. கல்யாணத்தன்று இருந்த மாதிரி. பாயில் ரத்தம் இல்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை.

"புள்ள?" என்றான். "வல்லி, புள்ள எங்க?"

அவள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். மடியில் அந்தக் குழாய் சுருண்டு கிடந்தது. அதன் நுனி முந்தானைக்குள் மார்போடு அணைந்திருந்தது. மறு பக்கம் சுவர் ஓட்டை வழியாக வெளியே போயிற்று. அவள் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்ங்க. எத்தனை நாள் பசியோ."

சப்.

அவள் கன்னம் ஒரு சுற்று உள்ளே போயிற்று. கழுத்தெலும்பு மேலே வந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவன் பாய்ந்து குழாயை இரண்டு கையாலும் பிடித்தான். பிடுங்க வேண்டும். அந்த அறையில் எல்லாமே உறைந்து கிடக்க, அது மட்டும் சூடாக இருந்தது. செம்பின் கெட்டி இல்லை. இளசாக, மெத்தென்று, உள்ளே நாடி துடிக்க. பிடித்த பிடிக்குள்ளேயே அது மெல்லப் பருத்தது. உறிஞ்சிய ஒரு மடக்கு அவன் விரல்களை விலக்கிக்கொண்டு, உள்ளங்கைக்கு அடியில் வெதுவெதுப்பாக நகர்ந்து, சுவர் ஓட்டையைத் தாண்டிக் குழிப் பக்கமாக இறங்கிப் போயிற்று.